பழங்கால அயர்லாந்தில் ரொட்டிக்கு உண்மையில் என்ன மதிப்பு இருந்தது?

ஒரு சமையல் காணொளியில், "பண்டைய ஐரிஷ் மக்களுக்கு ரொட்டி புனிதமானது, ட்ரூயிட் பூசாரிகள் சோடா ரொட்டியின் மேல் சிலுவைக் கோடு கீறுவார்கள், லூனசா என்கிற அவர்களுடைய அறுவடை விழாவே ரொட்டி விழாதான்" என்று சொன்னதாகவும், இதில் எவ்வளவு உண்மை என்றும் கேட்டிருக்கிறீர்கள். புனிதமா இல்லையா என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சமூகத்தில் ரொட்டி என்ன வேலை செய்தது, யார் எந்த ரொட்டியைச் சாப்பிட்டார்கள், அதை வைத்து மனிதர்களை எப்படி எடைபோட்டார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். பழைய ஐரிஷ் சட்ட நூல்களைப் பல வருடமாகப் படித்தும் பாடம் நடத்தியும் வருகிறேன். ஏட்டில் இருப்பதைப் பற்றி நம்பிக்கையோடு பேசுவேன். மண்ணைத் தோண்டி எடுத்ததைப் பற்றிப் பேசும்போது தொல்லியல்காரர்களின் அறிக்கையை நம்பித்தான் பேசுகிறேன், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காணொளியை முடித்துவிடுவோம். சமையல் சோடா ஐரிஷ் வீடுகளுக்குள் வந்தது 19ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் சோடா ரொட்டி கிடையாது, ஆகவே அதில் கோடு கீறிய ட்ரூயிடும் கிடையாது. குறுக்குக் கீறல் போட்டால் தடித்த மாவுக்கு நடுவில் சூடு இறங்கும், வெந்த பிறகு நாலாகப் பிய்க்கவும் வசதி. தேவதைகளை வெளியே விடுவதற்கு, பேயை விரட்டுவதற்கு என்பதெல்லாம் பிற்கால நாட்டுப்புற விளக்கங்கள். ஆகஸ்ட் முதல் தேதி புது மாவில் ரொட்டி சுட்டு தேவாலயத்துக்கு எடுத்துச் செல்வது பழைய இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் மக்களின் வழக்கம். லூனசாவும் அதே தேதியில் வருவதால் இரண்டையும் இணையத்தில் ஒன்றாக்கிவிட்டார்கள். லூனசாவைப் பற்றிப் பழைய ஐரிஷ் ஏடுகள் பேசுவது பெரிய கூட்டங்களையும் குதிரைப் பந்தயங்களையும்தான். அந்தக் கூட்டத்தை ஒழுங்காக நடத்தினால் தானியமும் பாலும் பெருகும் என்று, லூனசாவின்போது கார்மன் என்ற இடத்தில் கூடிய சந்தையைப் பற்றிய பாட்டு வாக்குக் கொடுக்கிறது. அங்கே தானியம் உண்டு, ரொட்டிச் சடங்கு இல்லை. உருளைக்கிழங்கையும் மறந்துவிடுங்கள், அது அமெரிக்காவிலிருந்து வந்த பிற்காலச் சரக்கு.

"பண்டைய" என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கிறித்தவம் வருவதற்கு முன் அயர்லாந்தில் நூல் எழுதும் வழக்கம் இல்லை. கல்லில் கீறிய ஓகம் என்ற பழைய கோட்டெழுத்துகளில் கிடைப்பது பெரும்பாலும் ஆட்களின் பெயர்கள்தான். அதனால் ட்ரூயிட் காலத்தில் ரொட்டிக்கு என்ன சடங்கு நடந்தது என்று யாராவது விவரமாகச் சொன்னால், அவர் கற்பனையில் சொல்கிறார். கி.மு. 3700 வாக்கிலேயே அங்கே கோதுமை விளைந்தது என்பதைக் கருகிய மணிகள் காட்டுகின்றன. அரைக்கும் கற்களும் கிடைத்திருக்கின்றன. அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிப் பேச ஆதாரம் போதாது. நாம் விவரமாகப் பேசக்கூடிய காலம் கி.பி. 7 முதல் 12 வரையான நூற்றாண்டுகள், அதாவது சட்ட நூல்கள், துறவி மட விதிகள், கதைகள் எல்லாம் எழுதப்பட்ட காலம். இனி நான் சொல்வது அந்தக் காலத்தைப் பற்றி.

அந்தச் சமூகத்தில் முதலிடம் மாட்டுக்குத்தான். சொத்து, அபராதம், சீர் எல்லாமே பசுக்கணக்கில் நடந்தன. கோடையில் பால், தயிர், வெண்ணெய், பாலாடைக்கட்டி. குளிர்காலத்தில் உப்பிட்ட இறைச்சியும் தானியமும். கி.பி. 43 வாக்கில் எழுதிய ரோமானியப் புவியியலாளர் பொம்போனியஸ் மேலா, அந்தத் தீவில் தானியம் முற்றுவதற்கு வானிலை ஒத்துழைக்காது, புல்லோ மாடு வயிறு வெடிக்கும் அளவுக்கு வளரும் என்கிறார். அவர் அங்கே போனவர் இல்லை, புல் விஷயத்தில் கொஞ்சம் அடித்தும் விட்டிருக்கிறார், ஆனாலும் அடிப்படைச் சங்கதியைச் சரியாகப் பிடித்தார். ஈரம் அதிகமான நாடு. அப்படிப்பட்ட நாட்டில் ரொட்டி தானாக வருவதில்லை, பாடுபட்டு வரவழைக்க வேண்டும். அதன் மதிப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அறுத்த கதிர் வயலில் முழுசாகக் காயாது. அதனால் குழி வெட்டி, அதிலிருந்து ஒரு சிறு சுரங்கம் போலத் தீவாய் விட்டு, மேலே தானியத்தைப் பரப்பி வெப்பக் காற்றில் உலர்த்துவார்கள். அயர்லாந்தில் நெடுஞ்சாலை போடத் தோண்டியபோது இந்த உலர்த்தும் சூளைகள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. மேலிருந்து பார்த்தால் எட்டு என்ற எண் போலவோ சாவித்துளை போலவோ இருக்கும். கொஞ்சம் கவனம் தப்பினால் தானியம் மொத்தமும் கருகிவிடும். அப்படிக் கருகியவைதான் இன்று ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. அன்றைக்கு ஒரு குடும்பத்துக்கு வந்த நஷ்டம் இன்றைக்கு நமக்குச் சான்று.

அப்புறம் அரைக்கும் வேலை. திரிகை சுற்றுவது அடிமைப் பெண்ணின் வேலையாக இருந்தது. தென் அயர்லாந்தின் காஷெலில் அரசராகவும் கிறித்தவ ஆயராகவும் (பிஷப்) இருந்து 908இல் போரில் இறந்த கோர்மக் மாக் குலெனான் பெயரில் ஒரு சொல்லகராதி இருக்கிறது. ஆலைகள் வருமுன் அடிமைப் பெண்கள் திரிகை அரைத்தார்கள் என்று அதில் குறிப்பு உண்டு. இதே செய்தி கதையாகவும் வருகிறது. கியர்நித் என்ற சிறைப்பட்ட பெண்ணின் மேல் பழங்கதை அரசன் கோர்மக் மாக் ஆர்ட்டுக்கு (இவன் வேறொரு கோர்மக்) ஆசை. பொறாமைப்பட்ட ராணி அவளைத் தினமும் பெரிய அளவு தானியம் அரைக்க வைக்கிறாள். அவள் கர்ப்பமாகி அரைக்க முடியாமல் போனதும், அரசன் கடல் கடந்து ஆள் அனுப்பி ஆலை கட்டத் தெரிந்த தச்சனை வரவழைக்கிறான். அயர்லாந்தின் முதல் நீராலை அப்படி வந்ததாம். கதைதான், வரலாறு இல்லை. ஆனால் ஆலைகள் நிஜம். ஸ்ட்ராங்ஃபோர்ட் கடற்கழியில் நெண்ட்ரம் மடத்துத் துறவிகள் கடல் ஏற்றவற்றத்தால் ஓடும் ஆலை கட்டியிருந்தார்கள். அதன் மரத்தை வளையம் எண்ணிப் பார்த்ததில் 619ஆம் ஆண்டு என்று வந்தது. தீவு முழுக்க இதுபோல நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன.

ஆலைக்குத் தண்ணீர் கொண்டுவர அடுத்தவன் நிலத்தில் வாய்க்கால் வெட்ட வேண்டியிருக்குமே, அதற்கென்று 7ஆம் நூற்றாண்டில் தனியாக ஒரு சட்ட நூலே உண்டு. நிலத்துக்காரன் மறுக்க முடியாது, ஆனால் ஈடு வாங்கிக்கொள்ளலாம் அல்லது அந்த ஆலையில் முறைவைத்துச் சில நாட்கள் தன் தானியத்தை அரைத்துக்கொள்ளலாம். கி.பி. 700 வாக்கில் எழுதப்பட்ட கிரீத் கவ்லக் என்ற நூல், யார் எந்த அந்தஸ்து என்று சொத்தை எண்ணிப் பட்டியல் போடுகிறது. சிறு குடியானவனுக்கு ஏழு பசு, ஏழு பன்றி, ஏழு ஆடு, ஒரு குதிரை, அதோடு ஏர்க்குழுவில் கால் பங்கு, சூளையில் ஒரு பங்கு, களஞ்சியத்தில் ஒரு பங்கு, ஆலையில் ஒரு பங்கு. அவனுக்கு மேலே இருக்கும் விவசாயியின் ஆலைப் பங்கு, தன் வீட்டாருக்கும் வரும் விருந்தாளிகளுக்கும் அரைக்கப் போதுமானதாக இருக்க வேண்டும். மாட்டுச் சமூகம் என்று நாம் நினைக்கும் இடத்தில், ஒருவனைக் கௌரவமான ஆள் என்று ஒப்புக்கொள்ள அவனுக்கு மாவு அரைக்கும் உரிமை இருக்கிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள்.

ரொட்டி எப்படி இருந்தது? பெரும்பாலும் தட்டையானது. மரத்தொட்டியில் மாவைப் பிசைந்து, சூடாக்கிய கல்லிலோ இரும்புத் தட்டிலோ, தோசைக்கல்லில் அடை போடுவதுபோல, போட்டு எடுப்பார்கள். பார்லியும் ஓட்ஸும்தான் சாதாரண மாவு, இரண்டுமே உப்பி எழும் சாதி இல்லை. சட்ட நூல்களில் இரண்டு அளவுகள் வருகின்றன: பெண் சுட்ட ரொட்டி, ஆண் சுட்ட ரொட்டி. ஆண் சுட்டது இருமடங்கு பெரிது. உண்மையிலேயே ஆண்கள் உட்கார்ந்து ரொட்டி சுட்டார்களா, இல்லை பெரிய அளவுக்கு அப்படி ஒரு பெயரா என்பதில் ஒத்த கருத்து இல்லை. வீட்டில் பெண்கள், மடத்தில் ஆண்கள் என்று பிரித்துப் பார்ப்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது, ஆனால் அது என் ஊகம்தான். உறுதியான விஷயம், ரொட்டிக்குச் சட்டத்தில் அளவு இருந்தது என்பது. எஜமானனுக்குச் செலுத்தும் உணவு வரியிலும், விருந்தாளியின் தகுதிக்கு ஏற்ற சாப்பாட்டிலும் எத்தனை ரொட்டி, எந்த அளவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதைவிட முக்கியம், ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்பது. வெண்ணெய், உப்பிட்ட பன்றிக்கறி, பாலாடைக்கட்டி, வெங்காயம், தேன், எதுவாக இருந்தாலும் அதற்குத் தர்சன் என்று தனிப் பெயர் வைத்து, எந்த அந்தஸ்துக்காரனுக்கு எந்தத் தர்சன் எவ்வளவு என்றும் எழுதினார்கள். கீழ்த்தட்டு ஆளுக்கு விருந்தில் வெண்ணெய் கிடையாது. நோயாளியைப் பராமரிக்கும் சட்டத்திலும் இந்தக் கணக்கு வருகிறது. நானே ஏடுகளைத் திரும்பத் திரும்பப் படித்து வந்து சேர்ந்த முடிவு இது: அந்தச் சமூகத்தில் ரொட்டியின் அர்த்தத்தை அதோடு வைக்கும் தர்சன்தான் தீர்மானித்தது. வெறும் காய்ந்த ரொட்டி ஒரு செய்தி, வெண்ணெயோடு வந்த ரொட்டி வேறு செய்தி. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, பிரெஸ் கதை. துவாஹா டே டனான் என்ற தெய்வக் குலத்துக்கு அரசனாக வந்தவன் பிரெஸ், மகா கஞ்சன். அவன் வீட்டுக்குப் போய் வந்தவர்களின் கத்தியில் கொழுப்பு ஒட்டியதில்லை, வாயில் பீர் வாசனை அடித்ததில்லை என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். ஒருநாள் கொர்ப்ரே என்ற புலவர் அவனிடம் விருந்தாளியாக வருகிறார். அவருக்குக் கொடுத்தது இருட்டான, இடுக்கான ஒரு குடிசை. தீ இல்லை, தட்டுமுட்டு இல்லை, படுக்கை இல்லை. ஒரு சின்னத் தட்டில் மூன்று சின்ன ரொட்டி வருகிறது, அதுவும் காய்ந்தது. மறுநாள் காலையில் எழுந்த புலவர் வசைப்பாட்டு ஒன்றைப் பாடிவிட்டார். அயர்லாந்தில் பாடப்பட்ட முதல் வசை அதுதான் என்கிறது கதை. அன்றிலிருந்து பிரெஸுக்கு வாட்டம்தான், அரசாட்சி போகிறது. பிறகு போரில் தோற்றுப் பிடிபட்டபோது, உயிருக்கு ஈடாக ஆண்டுக்கு நான்கு அறுவடை வரச் செய்கிறேன் என்கிறான். வேண்டாம் என்கிறார்கள். உழுது விதைக்க வசந்தம், கதிர் பிடிக்கக் கோடையின் தொடக்கம், முற்றி அறுக்க இலையுதிர்காலத்தின் தொடக்கம், சாப்பிடக் குளிர்காலம், இது எங்களுக்குப் பழகிப்போயிற்று என்று பதில். கடைசியில் எந்தக் கிழமையில் உழுவது, விதைப்பது, அறுப்பது என்று சொல்லிக்கொடுத்துத்தான் தப்பிக்கிறான். மூன்று காய்ந்த ரொட்டியில் பதவியை இழந்தவன் விவசாய யோசனை சொல்லி உயிர் பிழைக்கிறான், கதை கட்டியவருக்கு நல்ல குறும்பு இருந்திருக்கிறது.

அரசன் நேர்மையாக இருந்தால் மண் விளையும் என்பது அவர்களுடைய ஆழமான நம்பிக்கை. கி.பி. 700 வாக்கில் இளம் அரசனுக்குச் சொல்வதாக அமைந்த அறிவுரை நூலில், ஆள்பவனின் நீதியால் உயர்ந்த கதிரும், பாலும், ஆற்றில் மீனும், மரத்தில் காயும் பெருகும் என்று வரிசையாக வருகிறது. ஆகவே விருந்தாளி முன் வைக்கும் ரொட்டி அரசனின் யோக்கியதைக்கு அத்தாட்சி. சாதாரண வீட்டிலும் அப்படித்தான். தகுதியுள்ள விருந்தாளியைச் சோறில்லாமல் அனுப்பினால் சட்டப்படி அபராதம்.

இரண்டாவது, துறவி மடங்கள். பாவத்துக்குப் பரிகாரமாக ரொட்டியும் தண்ணீரும் என்று இத்தனை நாள், இத்தனை வருடம் விதிக்கும் கையேடுகளை 6, 7ஆம் நூற்றாண்டு ஐரிஷ் துறவிகள் எழுதினார்கள். ஃபின்னியன், கும்மியன் பெயர்களில் அவை கிடைக்கின்றன. 615இல் இத்தாலியில் இறந்த ஐரிஷ் துறவி கொலும்பானுஸ் தன் மடத்துக்கு எழுதிய விதியில், மாலையில் கீரை, பயறு, தண்ணீரில் கரைத்த மாவு, ஒரு சின்ன ரொட்டி, அவ்வளவுதான். இங்கே தண்டனை ரொட்டி சாப்பிடுவதில் இல்லை. தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் சாப்பிடுவதில் இருக்கிறது. பிரெஸ் புலவரை அவமதித்த அதே காய்ந்த ரொட்டியைத் துறவி தானே விரும்பி எடுத்துக்கொள்கிறான்.

ஆனால் மடத்தில் ரொட்டி வெறும் தண்டனை மட்டும் இல்லை. திருப்பலிக்குக் கோதுமை அப்பம் வேண்டும், ஈர நாட்டில் கோதுமை கஷ்டப்பட்டுத்தான் விளையும். ஸ்காட்லாந்துக் கரையோரத் தீவான அயோனாவில் மடத்தைத் தொடங்கிய ஐரிஷ் துறவி கொலும்பாவின் வாழ்க்கையை நூறு வருடம் கழித்து அடம்னான் எழுதினார். அதில் ஒரு துறவியைப் பற்றிச் சொல்லும்போது, சாக்சன் இனத்தவர், பெயர் கெனெரியஸ், ரொட்டி சுடுபவர் என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போகிறார். அந்தக் காலத்து ரொட்டிக்காரர் ஒருவரின் பெயர் நமக்குத் தெரிகிறது என்பதே பெரிய அதிசயம். அதே நூலில், 597இல் இறப்பதற்குச் சற்று முன் கொலும்பா களஞ்சியத்துக்குப் போகிறார். அங்கே குவித்திருந்த தானியத்தைப் பார்த்து ஆசீர்வதித்து, நான் போனாலும் இந்த வருடம் என் பிள்ளைகளுக்கு ரொட்டிக்குக் குறைவிருக்காது என்று சந்தோஷப்படுகிறார். புனிதரின் கடைசி நாள் கவலைகளில் ஒன்று மாவுக்கணக்கு.

கோதுமை மேலிடத்துச் சரக்கு என்பதை இன்னொரு இடத்திலும் பார்க்கலாம். வேறு குடும்பத்தில் வளர்வதற்காக அனுப்பும் பிள்ளைகளுக்கு என்ன கஞ்சி என்று சட்ட உரை சொல்கிறது. குடியானவன் பிள்ளைக்கு ஓட்ஸ் மாவைத் தண்ணீரிலோ மோரிலோ காய்ச்சி உப்பு வெண்ணெய். பிரபு பிள்ளைக்குப் பார்லி மாவு, புதுப் பால், புது வெண்ணெய். அரசன் பிள்ளைக்குக் கோதுமை மாவு, புதுப் பால், தேன். காயத்துக்கு நஷ்டஈடு பேசும் நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. புண்ணின் அளவைத் தானிய மணியால் அளக்கச் சொல்கிறது, அதிலும் அரசருக்கும் ஆயருக்கும் கோதுமை மணி, கீழே வர வர பெரிய மணி, கடைசியில் அவரை விதை. பெரியவருக்குச் சின்னக் கீறல்கூடக் கணக்கில் ஏறும், எளியவனுக்கு அவரை அளவுக்குப் புண் வந்தால்தான் பேச்சு. அளவுகோல் ஒவ்வொரு சாதிக்கும் மாறினால் நியாயம் எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் ஏட்டுக்காரர்கள் எழுதியது, ஏடு எழுதியவர்கள் மேல்தட்டு ஆட்களும் துறவிகளும். ஏழை தினமும் ரொட்டி தின்றானா, கஞ்சியோடு நிறுத்திக்கொண்டானா என்பதைக் கருகிய மணி சொல்லாது. ஒரே பார்லி கஞ்சிக்கும் போகும், ரொட்டிக்கும் போகும், பீருக்கும் போகும். என் கணிப்பில் கஞ்சிதான் அன்றாடம், ரொட்டி கொஞ்சம் கௌரவப்பட்ட சாப்பாடு. வெளியாள் எழுதியதையும் அப்படியே நம்பக்கூடாது. வேல்ஸ்காரரான ஜெரால்ட் 1180களில் ஒரு கதை சொல்கிறார்: மேற்கு அயர்லாந்தின் கொனாக்ட் கடலோரத்தில் புயலில் ஒதுங்கிய மாலுமிகள், தோல் படகில் வந்த இரண்டு பேருக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் காட்டினார்களாம், அவர்கள் அதுவரை அதைப் பார்த்ததே இல்லையாம். அவர் அயர்லாந்தைப் பிடிக்க வந்த நார்மன்களின் உறவுக்காரர். ஐரிஷ்காரர்கள் காட்டுமிராண்டிகள் என்று காட்டுவதில் அவருக்கு ஆதாயம் இருந்தது. அதற்கு ஐந்நூறு வருடம் முன்பே ஆலை வாய்க்காலுக்குச் சட்டம் எழுதிய நாடு அது.

ரொட்டி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் ஒரு பதிவைச் சொல்கிறேன். நடப்புகளை ஆண்டுவாரியாகக் குறித்த ஐரிஷ் ஏடான உல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகளில் 536ஆம் ஆண்டின் கீழ், ரொட்டி அழிந்தது என்று லத்தீனில் இரண்டே சொற்கள். பொய்த்தது விளைச்சல்தான், எழுதியவர் ரொட்டி என்று எழுதியிருக்கிறார். நம் கையில் இருக்கும் பிரதி 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதியது, ஆகவே தேதியைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்திருப்போம். ஆனால் ஐரிஷ் ஓக் மரங்களின் வளையங்களை ஆராய்ந்தபோது, 536ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் மரங்கள் வளரவே திணறியது தெரியவந்தது. பெரிய எரிமலை வெடிப்பால் வானம் மங்கிய காலம் அது என்று இப்போது பரவலாக ஒப்புக்கொள்கிறார்கள். இந்த ஒரு வரியில் ஏட்டுக்காரர்களும் மரத்துக்காரர்களும் ஒத்துப்போகிறார்கள், எங்கள் துறையில் அது அடிக்கடி நடப்பதில்லை.